மகிழமரம் வந்தால் வீடு

ஜூன் 3, செவ்வாய்

ஜவுளிக்கடையில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. ஐந்து மாதம் அலமாரியில் சும்மா கிடந்தது. இன்றிலிருந்து இதில் இரண்டு நேரம் மட்டும் எழுதி வைக்கப் போகிறேன். இவர் வாக்கிங் போன நேரம், திரும்பி வந்த நேரம். முப்பத்தொரு வருஷம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக உட்கார்ந்து, திருச்சியில் ஓடுகிற வண்டிக்கெல்லாம் நேரம் குறித்தவர். இப்போது அவருக்கு நான் குறிக்கிறேன். ஏன் என்று யாராவது கேட்டால், பொழுது போகவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

போனது 5.30. வந்தது 6.10.

செருப்பைக் கழற்றிக்கொண்டே, "தையலு, ஸ்ரீரங்கம் வண்டி கரெக்ட் டைம்" என்றார். தினமும் இதே வசனம்தான். தையல்நாயகி என்ற பெயரைப் பாதியாக வெட்டி என்னைக் கூப்பிட உலகத்தில் இவர் ஒருவர்தான் உண்டு. கடிகாரத்தைப் பார்த்தேன். கரெக்ட்தான்.

லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பதினைந்தாம் தேதி பொன்னிவனம் குடியிருப்போர் சங்கப் பொதுக்குழு. பொருள்: தோட்டத்தை நவீனப்படுத்துதல். இருக்கிற தோட்டத்துக்கு என்ன குறையோ தெரியவில்லை.

ஜூன் 6, வெள்ளி

துவைக்க எடுத்த சட்டைப் பையில் மறுபடியும் மகிழ இலை. சில நாள் பூவாக இருக்கும். தண்ணீரில் ஊறிக் கறை பிடிக்கிறது. "என்னங்க இது, ஆடு மாதிரி தழையாச் சேத்து வெச்சிருக்கீங்க" என்றேன். சிரித்தார்.

போனது 5.30. வந்தது 6.10.

ஜூன் 8, ஞாயிறு

இன்று அவருக்குத் தெரியாமல் பின்னால் போனேன். கட்டின புருஷனைத் துப்பறிகிற வயசா இது என்று எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது.

இங்கே ஏ, பி, சி என்று மூன்று பிளாக். ஒரே வண்ணம், ஒரே கிரில், ஒரே படிக்கட்டு. கூரியர் கொண்டுவருகிற பையன்கள் தினமும் திட்டிக்கொண்டே சுற்றுவார்கள். இவர் பிளாக்கைப் பார்க்கவே இல்லை. செடியைப் பார்க்கிறார். செவ்வரளிப் புதர் வந்ததும் கையால் தொட்டுவிட்டு இடது பக்கம் திரும்புகிறார். மோட்டார் ரூம் மருதாணி வந்ததும் இன்னொரு திருப்பம். வாசல் பக்கம் அந்தப் பெரிய பாதாம் மரத்தைக் கண்டால் அங்கிருந்து உள்ளே திரும்பிவிடுகிறார். அதற்கு அப்பால் கேட். கேட்டுக்கு அப்பால் லாரி பறக்கிற பைபாஸ். கடைசியில் எங்கள் பி பிளாக் முன்னால் மகிழமரம்.

மரத்தடியில் நின்று சட்டைப் பைக்குள் கையை விட்டார். பை காலி. குனிந்து ஓர் இலையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி நடந்தார். இரண்டாவது முறை வந்தபோதும் பைக்குள் கையை விட்டார். இலை இருந்தது. படியேறி வீட்டுக்குப் போய்விட்டார்.

பை காலி என்றால் இன்னொரு சுற்று. பையில் இலை இருந்தால் வீடு. இரண்டு வரைக்கும் எண்ணுவது நிச்சயமில்லாமல் போன மனிதர் தனக்குத்தானே செய்துகொண்ட ஏற்பாடு இது. ஆடு மாதிரி என்று சொன்னேனே, அந்த வாயைக் கழுவ வேண்டும்.

மறதி யாருக்கு இல்லை. எழுபத்தாறு வயசு.

ஜூன் 9, திங்கள்

பொய் எழுத டைரி எதற்கு. மார்ச் மாதம் தில்லை நகர் டாக்டரிடம் போனோம். டாக்டர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். ஆட்டோவில் வரும்போது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருகிட்டயும் சொல்லாத தையலு. மங்கைகிட்டயும் சொல்லாத. தெரிஞ்சா என்னையத் தனியாக் கீழ விடமாட்டாங்க" என்றார். சத்தியம் கேட்டார். கையில் அடித்துக் கொடுத்தேன்.

மங்கை எங்கள் ஒரே பெண், புனாவில் இருக்கிறாள். போன வருஷம் இவர் கேஸை அணைக்க மறந்ததற்கே, கோயமுத்தூரில் ஒரு முதியோர் இல்லத்தின் படத்தை அனுப்பினவள். நல்ல பெண்தான். படம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

போனது 5.30. வந்தது 6.12. இரண்டு நிமிஷம் எதற்கு என்று கேட்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட நாள்.

கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம். வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் ஓட்டுப் போடலாம் என்று சங்கத்தில் விதி. எங்கள் வீடு இவர் பெயரில். அதனால் இவரையும் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளைச் சட்டை, சவரம் செய்த முகம். பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது.

தலைவர் பிலோமின்ராஜ் ஒலிபெருக்கி இல்லாமலே பேசுவார். பாலிடெக்னிக்கில் வாத்தியாராக இருந்தவர். "புதர் இருந்தா பாம்பு வரும். சருகு விழுந்து சம்ப் அடைக்குது. நாளைக்கு வீட்ட விக்கணும்னாலும் வாடகைக்கு விடணும்னாலும் மொதல்ல கண்ணுல படுறது தோட்டம்தான். ஒரு தடவ செலவு, அப்புறம் நிம்மதி" என்றார். பழையது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மெக்சிகன் புல், மூன்று பிளாக் முன்னாலும் ஒரே மாதிரி பாம் மரம், சுற்றிலும் பேவர் பிளாக் நடைபாதை.

தரைதள நஸ்ரின் எழுந்தாள். தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், நெஞ்சில் பட்டதைச் சொல்லிவிடுவாள். "ஒரு தடவ செலவுன்னு யாரு சார் சொன்னா? புல்லுக்குத் தெனம் தண்ணி ஊத்தணும். சித்திரையில நாமளே லாரித் தண்ணி வாங்குறோம். அரளிக்கு யாராவது தண்ணி ஊத்திப் பாத்திருக்கீங்களா? பாம் மரத்துல நெழலே கெடையாது. காசு குடுத்து வெயில வாங்கணுமா?" என்றாள்.

பாதிப் பேர் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்குள்ளே வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அரளி போனால் திருப்பம் போச்சு. மகிழமரம் போனால் வீடு போச்சு.

திட்டத்துக்குச் சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். முன்வரிசை முழுக்கக் கை உயர்ந்தது. இவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தானும் கையை உயர்த்தினார். கொஞ்ச நாளாக இவர் இப்படித்தான் சமாளிக்கிறார். கல்யாண வீட்டில் எல்லோரும் எழுந்தால் எழுவார், சிரித்தால் சிரிப்பார். நானே பல முறை, பரவாயில்லை, கெட்டிக்காரர்தான் என்று நினைத்திருக்கிறேன்.

முழங்கையைத் தொட்டேன். அதற்குள் செயலாளர் எண்ணிவிட்டார். ஆதரவு இருபத்திரண்டு. எதிர்ப்பு இருபத்தொன்று.

வாயைத் திறந்தால் ஏன் என்று கேட்பார்கள். நான் திறக்கவில்லை. படியேறும்போது நஸ்ரின், "ஆன்ட்டி, அங்கிள் ஏன் இப்பிடிப் பண்ணாரு? தெனம் அந்த மரத்தடியிலதான நிப்பாரு" என்றாள்.

"அவருக்குப் புல்லுன்னா இஷ்டம்மா" என்றேன்.

ஜூன் 18, புதன்

கூட்டக் குறிப்பை வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கிறார்கள். திருத்தம் இருந்தால் ஏழு நாளுக்குள் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டுமாம். நாலு கடிதம் எழுதினேன். முதலாவதில் கண் சரியாகத் தெரியாமல் கை தூக்கிவிட்டார் என்று எழுதினேன். கண் நன்றாகத்தான் தெரிகிறது. இரண்டாவதில் காது. மூன்றாவது பாதியில் நின்றது. நாலாவதில் உண்மை. நாலையும் கிழித்து அடுப்பில் காட்டி எரித்தேன்.

போனது 5.30. வந்தது 6.11.

ஜூன் 25, புதன்

ஏழு நாள் முடிந்தது. கடிதம் கொடுக்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு மண் வாரும் இயந்திரம் வந்தது. அரளி ஐந்து நிமிஷத்தில் போனது. மகிழமரத்துக்கு அரை நாள் பிடித்தது. தோட்டவேலை செய்கிற மருதாயி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "வேரு எம்புட்டு தூரம் போயிருக்கு பாருங்கம்மா. ஐயா பாத்தா மனசு கஷ்டப்படுவாரு. அந்த எலைய எடுத்து எடுத்துப் பையில வெப்பாரே" என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை, அவளும் மேலே சொல்லவில்லை. பழைய புடவை இரண்டு கொடுத்தேன். எதற்குக் கொடுக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்திருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது.

இவர் பால்கனியில் நின்று கீழே பார்த்தார். "ரோடு போடுறானா?" என்று கேட்டார்.

ஜூலை 26, சனி

கீழே முழுக்க ஜல்லி. மொட்டை மாடியில் நான் கூட்டிக்கொண்டு நடக்கிறேன். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி இருபது சுற்று. தினமும் கடைசியில் சட்டைப் பைக்குள் கையை விட்டுப் பார்க்கிறார். முகம் வாடிப் போகிறது. இன்று முறைத்துக்கொண்டு, "என்னைய ஏன் பின்னாலயே தொரத்துற" என்றார். தையலு என்று சொல்லவில்லை.

ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். என் மடியில் இவர் இருக்கிறார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றிவிட்டுப் புதுத் தோட்டத்தையும் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி புல், பழைய சுற்றில் பாதி தூரத்தில் முடிகிற நடைபாதை, முழங்கால் உயர விளக்குகள். ஏ பிளாக் முன்னால் இரண்டு பாம், பி முன்னால் இரண்டு, சி முன்னால் இரண்டு. நானே இன்று சி பிளாக் படியில் நாலு படி ஏறிவிட்டேன்.

பழைய தோட்டத்தில் மிஞ்சியது வாசல் பாதாம் மரம் ஒன்றுதான். அது இரண்டாம் கட்டமாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அடையாளம் வைத்தேன். எங்கள் பிளாக் பாம் மரத்தில் என் அரக்குச் சேலையின் கிழிசலைக் கட்டினேன். மறுநாள் காணோம். துளசித் தொட்டியைத் திருப்பத்தில் வைத்தேன். செக்யூரிட்டி தூக்கிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். பி பிளாக் முன்னால் பேவர் பிளாக்கில் பெரிதாகக் கோலம் போட்டுக் காவி தீட்டினேன். பிலோமின்ராஜ் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்: "நடைபாதையின் ஒரே சீரான தோற்றத்தைக் காக்கும்படி அன்புடன் வேண்டுகிறோம். கோலத்தை வீட்டு வாசலில் மட்டும் இடவும்."

அவர் மேல் கோபம் வரவில்லை. அவருக்கு எப்படித் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் நான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இரண்டு வாரமாக நான் கூடவே போகிறேன். இன்று மத்தியானம் முழுக்க, "நானே போறேன். நான் என்ன சின்னப் புள்ளையா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. சரி என்று விட்டுவிட்டேன்.

போனது 5.30.

6.10. பால்கனியிலிருந்து பார்த்தேன். சி பிளாக் பக்கம் நடந்துகொண்டிருக்கிறார். கையை வீசி நன்றாகத்தான் நடக்கிறார். வந்துவிடுவார்.

6.25. இன்னும் நடக்கிறார். புது இடம், ஆசை போலிருக்கிறது. நான்தான் அநாவசியமாகப் பயந்து இத்தனை நாள் மனுஷனைக் கட்டிப் போட்டுவிட்டேன். மனசுக்கு லேசாக இருந்தது. உளுந்து ஊறப் போட்டேன்.

6.50. விளக்குப் போட்டுவிட்டார்கள். நடக்கிறார். கூப்பிட நினைத்தேன். எல்லார் எதிரிலும் கூப்பிட்டால் கோபம் வரும் என்று விட்டுவிட்டேன்.

7.20. குரூப்பில் படம் வந்தது. விளக்கு வெளிச்சத்தில் இவர் நடக்கிறார். கீழே பிலோமின்ராஜ் எழுதியிருக்கிறார்: "இந்தச் செலவு தேவையா என்று கேட்டவர்களுக்கு இதோ பதில். நம் பி பிளாக் சவுந்தரராஜன் சார், வயது 76, இன்று நடைபாதையில் பதினோரு சுற்று. இன்னும் நிறுத்தவில்லை." கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நேற்று முடிக்கவில்லை.

இரண்டு மாடி எப்படி இறங்கினேன் என்று தெரியாது. நான் போனபோது நாலைந்து பேர் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள். "சார், இன்னொரு ரவுண்டு" என்று ஒருவர் உற்சாகப்படுத்தினார். இவர் அவர்களைப் பார்த்துச் சிரித்தார். எல்லோரும் சிரித்தால் இவரும் சிரிப்பார் என்று எனக்குத்தானே தெரியும். வேட்டி நனைந்திருந்தது. இருட்டில் யாரும் கவனிக்கவில்லை.

கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. "வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

"இன்னும் மகிழமரம் வரலையே" என்றார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். பை நிறையப் புல். ஒவ்வொரு சுற்றிலும் எங்கேயோ குனிந்து கிள்ளிப் போட்டிருக்கிறார். பைக்குள் கையை விட்டால் ஏதோ இருந்திருக்கிறது, ஆனால் மரம் இல்லை. மரம் வராமல் வீடு எப்படி வரும். பாதாம் மரம் மட்டும் ஒவ்வொரு தடவையும் வந்திருக்கிறது. அதைக் கண்டு ஒவ்வொரு தடவையும் உள்ளே திரும்பியிருக்கிறார். அது இல்லாமல் இருந்தால் என்ற நினைப்பு வந்ததும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இடது பாதம் முழுக்கக் கொப்புளம். நான் மாடியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உளுந்து ஊறப் போட்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. பொருள் ஒன்று: சிறந்த நடையாளர் சவுந்தரராஜன் அவர்களுக்குச் சால்வை. பொருள் இரண்டு: இரண்டாம் கட்டம், வாசல் பாதாம் மரத்தை அகற்றி நீரூற்று.

பிலோமின்ராஜே வந்து சொன்னார். "சாரு கண்டிப்பா வரணும்மா. அவருதான் நம்ம தோட்டத்துக்கே வெளம்பரம்" என்றார். காபி கொடுத்தேன். குடிக்கும்வரை சொல்லிவிடலாமா என்று நினைத்துக்கொண்டே நின்றேன். டம்ளரைக் கழுவி வைத்தேன்.

செப்டம்பர் 6, சனி

நாளைக்குப் போகாமல் இருந்துவிடலாம். போகாவிட்டால் மரத்துக்கு எதிராக ஓர் ஓட்டு குறையும், ஆனால் ஆதரவாகவும் ஓர் ஓட்டு இருக்காது. போனால் கையைத் தூக்குவார். சொன்னால் சத்தியம் போகும், கீழே விடமாட்டார்கள், மங்கை வந்துவிடுவாள். சொல்லாவிட்டால் மரம் போகும். அப்புறம் ஒருநாள் கேட் திறந்திருக்கும்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

சால்வை போட்டார்கள். இவர் இரண்டு கையும் கூப்பினார். பேசச் சொல்லவில்லை, பிழைத்தேன்.

பிறகு பாதாம் மரம். நஸ்ரின் இந்தத் தடவையும் எழுந்து, வந்த தண்ணீர் லாரிகளை எண்ணிச் சொன்னாள். "புல்லுல யாரு கால வெச்சோம்? பாக்குறதுக்கா இவ்ளோ?" என்றாள். பிலோமின்ராஜ் எங்கள் பக்கம் கையைக் காட்டினார். "அத சவுந்தரராஜன் சாரக் கேளும்மா. செலவுக்குப் பலன் உண்டா இல்லையான்னு அவரு காலே சொல்லும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். காலில் நான் கட்டிய கட்டு வேட்டிக்குள் இருந்தது.

சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். கைகள் உயர்ந்தன. இவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். வலது கை சால்வையை விட்டு வெளியே வந்தது.

நான் அந்தக் கையைப் பிடித்து என் மடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன்.

"என்னம்மா, சாரோட ஓட்ட நீங்க தடுக்கக் கூடாது. விதி இருக்குல்ல" என்றார் செயலாளர். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

எழுந்து நின்றேன். கையை விடவில்லை. "இது இவரு ஓட்டு இல்லீங்க. நீங்க தூக்குனதப் பாத்துத் தூக்குனது. போன தடவ தூக்குனதும் அப்பிடித்தான். இவருக்கு எல்லாம் மறந்துக்கிட்டே வருது. அன்னிக்கு இவரு பதினோரு சுத்து ஆசையா நடக்கல. வீடு எதுன்னு தெரியாம நடந்தாரு. மகிழமரம் இருந்தா வீட்டக் கண்டுபிடிச்சிருவாரு. பாதாம் மரம் இருக்குறதாலதான் இன்னும் ரோட்டுக்குப் போகாம இருக்காரு. எனக்கு மொதல்லயே தெரியும். நான்தான் சொல்லல" என்றேன்.

உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. பிலோமின்ராஜ் கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் அந்தப் படத்த எடுத்துடுறேம்மா" என்றார், அவர் குரல் அவ்வளவு சன்னமாக வரும் என்று இன்றுதான் தெரிந்தது. மரத்தை எடுப்பதில்லை என்று முடிவானது. நஸ்ரின் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பி பிளாக் முன்னால் மகிழங்கன்று ஒன்று வைத்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். ஓரமாக நின்ற மருதாயி, "வெக்கலாம்மா. மரமாவ ஏழெட்டு வருசமாவும்" என்றாள்.

இவர் தலையைக் குனிந்தபடி இருந்தார். படியேறும்போதும் நிமிரவில்லை. நாற்பத்து நான்கு வருஷத்தில் இவரை நான் நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்ததில்லை. சத்தியம் வாங்கிக்கொண்டு இப்படிப் பண்ணிட்டியே தையலு என்று கேட்பார், அதற்கு என்ன பதில் சொல்வது என்று ஒவ்வொரு படியிலும் யோசித்துக்கொண்டே வந்தேன். திட்டட்டும், அடிக்கட்டும் என்று தயாராக இருந்தேன்.

நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டைப் பிரித்தேன். சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கூட்டத்துல ஒரு அம்மா எந்திரிச்சுப் பேசுனாங்களே, அவங்க யாரப் பத்திச் சொன்னாங்க? பாவம்" என்றார்.

"யாரோ தெரிஞ்சவங்கதான்" என்றேன். பாதத்தைத் துடைத்து மருந்து போட்டேன்.